வயலும் தட்டும் ஒரே சட்டத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க விவசாய மானியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, அந்த வழி எந்தப் பயிரை வாழவைக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாக இல்லினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனில் இருக்கிறேன். ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம் காரில் போனால் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளம், இல்லையென்றால் சோயா. பயிர்க் காப்பீட்டுக் கணக்குகள்தான் என் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், இல்லாதவர்களுக்கு மளிகைச் சாமான் கொடுக்கும் மையத்தில் உதவிக்குப் போகிறேன். இந்த இரண்டு இடத்துக்கும் வேர் ஒரே சட்டம். அதை இங்கே ‘ஃபார்ம் பில்’ என்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதப்பட வேண்டிய மத்திய அரசின் சட்டம்.

இதன் தொடக்கம் 1933. விளைபொருள் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்த காலம். பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாக ரூஸ்வெல்ட் அரசு சொன்னது, வளர்ந்து நின்ற பருத்தியைக்கூட உழுது மடக்கினார்கள். அந்தப் பணத்துக்காக ஆலைகள் மீது ஒரு வரி போட்டார்கள். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. தனி வரி போன பிறகு பொதுக் கருவூலம்தான் கதி. 1973-இல் ஏழைகளுக்கான உணவு உதவியும் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. கிராமத்து உறுப்பினர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, நகரத்து உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் விவசாயச் சட்டம் நிறைவேறாது என்ற நிலை. வயலும் தட்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்த ஏற்பாடு அது.

2018-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பத்தாண்டுச் செலவு 86,700 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, இங்கே ‘ஸ்நாப்’ எனப்படும் உணவு உதவி. மீதியில்தான் பயிர்க் காப்பீடு, விலை ஆதரவு, மண் பாதுகாப்பு எல்லாம். உங்கள் கட்டுரை இந்த முக்கால் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பணம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இருக்கிற திட்டங்கள் இப்படியே ஓடினால் அடுத்த பத்தாண்டில் எவ்வளவு செலவாகும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் ஒரு கணக்குப் போடும். புதுச் சட்டம் எழுதுபவர்களின் கையிருப்பு அந்தக் கணக்குத்தான். கணக்கில் ஏற்கெனவே இடம் பிடித்த திட்டம் தன் பங்கோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் வேறொன்றில் கைவைக்க வேண்டும். ஆண்டுச் செலவு 5 கோடி டாலரைத் தொடாத சின்னத் திட்டங்களுக்குப் பொதுவாக அந்தக் கணக்கில் இடமே கிடையாது, ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வாசலில் நிற்க வேண்டும். எந்தப் பயிருக்கு உதவி என்று விவாதம் தொடங்குவதற்கு முன்பே பாதி முடிவு இப்படி ஆகிவிடுகிறது.

மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி, நெல், வேர்க்கடலை போன்றவை நெடுங்காலமாக உள்ளே இருப்பவை. விலை ஆதரவும் இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள் என்று பார்த்து வருவதில்லை, அந்த நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்ற பதிவைப் பார்த்து வருகிறது. காய்கறியும் பழமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

என் மேசையில் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியும், டிசம்பரில் கைமாறப்போகும் மக்காச்சோளத்துக்கு முன்பேர வணிகத்தில் என்ன விலை போகிறது என்று சராசரி எடுப்பார்கள். அதுதான் அந்த ஆண்டுக் காப்பீட்டுக்கு அடிப்படை விலை. 2025-இல் ஒரு புஷலுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, 4 டாலர் 70 சென்ட். மார்ச் 15-க்குள் விவசாயி கையெழுத்துப் போட வேண்டும். எதிர்பார்க்கும் வருமானத்தில் எவ்வளவுக்குக் காப்பு வேண்டும், 75 சதவீதமா, 80-ஆ, 85-ஆ என்று அவர் கேட்கக் கேட்க என் திரையில் எண்கள் வந்து விழும். பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது.

அதே மார்ச்சில் ஓர் இளம் பெண் வந்தார். நான்கு ஏக்கரில் தக்காளி, கீரை, பூசணி என்று பத்துப் பன்னிரண்டு பயிர் வைத்து உழவர் சந்தையில் விற்பவர். அவருக்கும் முழுப் பண்ணைக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குப் பல ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி விவரம் எல்லாம் வேண்டும். அவர் கொண்டுவந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு மணி நேரம் புரட்டினோம், முடியவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். இந்தப் பக்கம் ஏன் இரண்டே பயிர் என்று கேட்பவர்களுக்கு மண்ணும் மழையும் மட்டும் பதில் இல்லை. காப்பீடு உள்ள பயிருக்கு வங்கி தயங்காமல் கடன் கொடுக்கிறது. கடன் கிடைக்கிற பயிரைத்தான் விவசாயி விதைக்க முடியும்.

இனி 2025-க்கு வருகிறேன். 2018 சட்டம் 2023-இலேயே காலாவதியானது. அதன்பின் நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. நீட்டிக்காமல் விட்டால் 1938, 1949 ஆண்டுகளின் பழைய சட்டங்கள் உயிர்பெற்று, அவற்றில் உள்ள உயர்ந்த ஆதரவு விலையால் பால் விலை எங்கேயோ ஏறிவிடும் என்ற பயம். இதற்கிடையில் 2025 ஜூலை 4 அன்று ஒரு பட்ஜெட் சட்டம் கையெழுத்தானது. வழக்கமான ஃபார்ம் பில்லுக்கு செனட்டில் 60 ஓட்டு தேவைப்படும், ஆகவே இரு கட்சியும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். இந்தப் பட்ஜெட் சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பத்தாண்டில் உணவு உதவியில் சுமார் 18,600 கோடி டாலர் வெட்டப்பட்டது. விவசாயப் பக்கம் சுமார் 6,600 கோடி கூட்டப்பட்டது. சந்தை விலை எதற்குக் கீழே போனால் உதவி வருமோ அந்த ஆதார விலை, சோயாவுக்குப் புஷலுக்கு 8 டாலர் 40 சென்டிலிருந்து 10 டாலர், மக்காச்சோளத்துக்கு 3 டாலர் 70 சென்டிலிருந்து 4 டாலர் 10 சென்ட்.

விதை, உரச் செலவு ஏறிய விவசாயிக்கு ஆதரவு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை, அவர்களோடுதான் தினமும் பேசுகிறேன். ஆனால் எங்கள் பக்கம் உழுபவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். ஆதார விலை ஏறினால் அடுத்த ஆண்டே குத்தகையும் ஏறும், பணத்தில் ஒரு பங்கு நில உரிமையாளரிடம் போய்ச் சேரும். அதற்காக ஏழையின் தட்டில் கைவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், செலவுக்கான ஒதுக்கீடு நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல், மத்திய அரசு 43 நாள் முடங்கியது. தகுதி உள்ளவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய உதவிதான் ஸ்நாப் என்றாலும், அதற்கான பணத்தை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கீடு நின்றது, நவம்பர் 1-ஆம் தேதி வரவேண்டிய பணமும் நின்றது. நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 4.2 கோடிப் பேர். எங்கள் அலுவலகத்தில் பயிர்க் காப்பீட்டு வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பூட்டிக் கிடந்த வேளாண் சேவை அலுவலகங்களைத் திறக்க அக்டோபரிலேயே பணம் கிடைத்தது. உணவுக்கோ நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வரிசை தேவாலயப் படிகளைத் தாண்டி வாகனம் நிறுத்தும் இடம்வரை நின்றது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், உணவு உதவிப் பணம் வரும் தன் ‘லிங்க்’ அட்டையில் எவ்வளவு மிச்சம் என்று செல்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று டாலர் சொச்சம். கணவர் அறுவடைக்குத் தானிய லாரி ஓட்டுகிறாராம். பால் இருக்கிறதா என்று கேட்டார். பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. வேளாண் துறை அனுப்பிய பீன்ஸ் டப்பாக்கள் இரண்டைக் கூடுதலாகப் பையில் வைத்தேன்.

இப்போதைய நீட்டிப்பு 2026 செப்டம்பர் 30 வரைதான். எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அரசு முடங்கினாலும் உணவு உதவிப் பணம் நிற்காதபடி சட்டத்தில் ஏற்பாடு வேண்டும், கலப்புப் பயிர் வைக்கும் சிறு பண்ணைக்குக் காப்பீட்டு விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ப்ளூமிங்டன், இல்லினாய்