பொறுப்பு எங்களுக்கு, சாவி உங்களிடமா?

அனுப்புநர்
நிர்வாக மேலாளர்,
மாங்கூழ் ஆலை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
அலுவலக மென்பொருள் நிறுவனம்.

பொருள்: எங்களைக் கேட்காமல் இயக்கிவிடப்பட்ட ஏஐ உதவியாளரால் பெண் தொழிலாளி ஒருவரின் மருத்துவ விவரம் வெளியானது – நிர்வாகிக்கும் பயனாளருக்கும் முறையான கட்டுப்பாடு கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் அலுவலக மென்பொருளை 6 வருடமாகக் காசு கட்டிப் பயன்படுத்தி வருகிறோம். 22 பேருக்கு லைசென்ஸ். மெயில், கணக்கு ஷீட், எல்லோரும் பார்க்கும் பொது ஃபோல்டர் எல்லாமே அதில்தான் இருக்கின்றன. ஆலையில் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் கிடையாது. யாருக்கு எந்த அனுமதி என்று கொடுப்பதும் எடுப்பதும் நான்தான். அதனால் நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

எங்களுக்கு வருடம் என்பது மே முதல் ஜூலை வரைதான். அந்த மூன்று மாதமும் எடைமேடைக்கு முன்னால் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காவேரிப்பட்டணம், பர்கூர், மத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் பெண்கள் வேலைக்கு வருவார்கள். ஜூன் இரண்டாம் வாரம், ஒருநாள் இரவு ஷிப்ட். பழம் தரம் பிரிக்கும் பெல்ட்டில் 6 பேர் குறைவு. ஷிப்ட் ரூம் கம்ப்யூட்டரில் சூப்பர்வைசர் உங்கள் மென்பொருளில் உள்ள ஏஐ உதவியாளரிடம் தமிழிலேயே தட்டியிருக்கிறார்: "பெல்ட்டில் இன்று ஏன் ஆள் குறைவு?" அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேறு ஆளை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சில நொடிகளில் பதில் வந்துவிட்டது. ஆறு பேர் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் காரணம். முதல் ஆளுக்குக் காய்ச்சல். அடுத்தவருக்கு வீட்டில் காதுகுத்து. சூப்பர்வைசர் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்திருக்கிறார். நான்காவது பெயருக்கு நேரே "கருச்சிதைவு, 6 வார விடுப்பு, மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. அந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். ஆனால் வேனிலிருந்து இறங்கி வந்த நான்கு பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள். திரை அவர்கள் கண்ணெதிரே இருந்தது.

அந்தப் பெண் கர்ப்பமாக இருந்ததையே வெளியே சொல்லவில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்று இருந்தார். கருச்சிதைவு ஆனால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பது சட்டம். சீசன் வேலைக்கு வரும் பெண்கள் பலருக்கு அது தெரியாது. நான்தான் அவரிடம் எடுத்துச் சொல்லி, சான்றை வாங்கி, ஸ்கேன் செய்து வைத்தேன். மறுநாள் மாலை அவர் போனில் வந்தார். "உங்ககிட்ட மட்டுந்தானேக்கா சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் சொல்ல வார்த்தை வரவில்லை. 6 வாரம் முடிந்தும் அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

இதில் என் தவறு எது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்கேனர், எதை ஸ்கேன் செய்தாலும் பொது ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும். அதற்குள் சீசன், அதற்குள் ஆள் பதிவு, அதற்குள் விடுப்பு என்று நான்கு அடுக்கு. அந்தக் கடைசி ஃபோல்டருக்கு நான் பூட்டுப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. இத்தனை வருடத்தில் என்னைத் தவிர ஒருவரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை என்ற தைரியத்தில் விட்டுவிட்டேன்.

உங்கள் ஆட்கள் சரியாக இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "பயனாளருக்கு ஏற்கெனவே அனுமதி உள்ள கோப்புகளை மட்டுமே உதவியாளர் காட்டும்" என்று மூன்று முறை ஒரே வரியில் பதில் வந்தது, மூன்று முறையும் புகார் முடிக்கப்பட்டது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. வீட்டில் பீரோவைப் பூட்டாமல் வைத்திருப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் குடைவதில்லை. அதே வீட்டில், கேட்காமலேயே பீரோவைக் கிளறி, எவர் எதைக் கேட்டாலும் எடுத்து வாசித்துக் காட்டும் ஒருவரைக் குடிவைத்துவிட்டு, "பீரோ திறந்துதானே இருந்தது" என்று சொல்லலாமா? வைப்பதற்கு முன் "பூட்ட வேண்டியதைப் பூட்டிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் டைம் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பூட்டியிருப்பேன். வந்தது ஏப்ரலில் ஆங்கிலத்தில் ஒரு விளம்பர மெயில் மட்டும். புதிய வசதி வருகிறது என்று இருந்ததே தவிர, எங்கள் ஃபோல்டர் அனைத்தையும் அது படிக்கும் என்று எந்த வரியிலும் இல்லை.

சம்பவம் நடந்த அன்றே உதவியாளரை நிறுத்தினேன். எட்டாம் நாள் ஒரு அப்டேட் வந்து அதுவாகவே மறுபடி இயங்கத் தொடங்கியது. ஒரு பிரிவுக்கு மட்டும், ஒரு ஆளுக்கு மட்டும் நிறுத்தலாமா என்று கேட்டேன். எங்கள் பிளானில் முடியாதாம். மொத்தமாக நிறுத்தினால் கோப்பு தேடும் வசதியும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த இரவுக்கு முன்னால் வேறு யார் எதைக் கேட்டார்கள், அந்தச் சான்று வேறு யார் திரைக்குப் போனது என்று பார்க்க வேண்டும் என்றேன். அதற்குப் பதிவேடு இருக்கிறது, ஆனால் மேல் பிளான் வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஆலையில் நடந்தது எங்களுக்கே தெரிய, நாங்களே இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டுமா?

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிவிட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தின் 8-ம் பிரிவுப்படி, தொழிலாளியின் தகவலை வாங்கி வைத்திருக்கும் எங்கள் ஆலைதான் அதற்குப் பொறுப்பு. எங்களுக்காக அதைக் கையாளுகிற உங்களைப் போன்ற நிறுவனம் செய்யும் காரியத்துக்கும் சேர்த்தே எங்களுக்குப் பொறுப்பு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பொறுப்பு முழுவதும் எங்கள் தலையில் இருக்கும்போது எதைத் திறப்பது, எதை மூடுவது, எப்போது இயக்குவது என்ற சாவி மட்டும் உங்கள் கையில் இருப்பது எந்த ஊர் நியாயம்? என் முழுப் புகாரும் இந்த ஒரு கேள்விதான்.

இதைச் சின்ன ஆலைக்காரர்களின் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஒன்றிய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், அலுவலகக் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற ஏஐ கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டது, அரசு ஆவணங்களின் ரகசியம் கருதி. அதே வருடம் ஜூனில் மைக்ரோசாப்டின் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரில் எக்கோலீக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. வெளியாள் அனுப்பும் ஒரு மெயில் உள்ளே வந்து கிடந்தாலே போதும், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே அந்த உதவியாளர் வழியாக உள்தகவல் வெளியே போகக்கூடும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நிறுவனம் அதை அடைத்துவிட்டது. ஆனாலும் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கூழ் வாங்குவதாகச் சொல்லி முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தினமும் மெயில் வரும் இடம் இது. அவை ஒவ்வொன்றையும் உங்கள் உதவியாளர் படித்துச் சுருக்கம் போடுகிறது.

வேலை செய்கிறவர்களின் கையிலும் ஒரு சுவிட்ச் வேண்டும். எங்கள் கணக்கர் 58 வயதுக்காரர், தன் திரையில் இது வேண்டாம் என்கிறார். ஐகானை மறைக்கத்தான் முடிகிறது, பின்னால் அது படிப்பது நிற்பதில்லை. கொள்முதலைப் பார்க்கும் தம்பிக்கோ இது பிடித்திருக்கிறது, அவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவருக்கும் ஒரு நாள் வியர்த்துவிட்டது. கிளிமூக்கு மாங்காய்க்கு எங்கள் பக்கம் பெங்களூரா என்று பெயர். "பெங்களூரா 2 லோடு, காலையில்" என்று தோட்டத்திலிருந்து வந்த மெசேஜை வைத்து, பெங்களூருவுக்கு 2 லோடு ஏற்ற வண்டி வேண்டும் என்று டிரான்ஸ்போர்ட்டுக்கு மெயில் எழுதி வைத்திருந்தது உதவியாளர். அவர் அனுப்புவதற்கு முன் படித்ததால் பிழைத்தோம். தானாகவே அனுப்பும் வசதி அடுத்த அப்டேட்டில் வருகிறது என்று உங்கள் மெயில் சொல்கிறது. எங்கள் ஆள் ஒருவர் கண்ணால் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு மெயிலும் வெளியே போகக் கூடாது.

பதிவேடு கேட்டேன் என்றேன். அதிலும் ஒரு விஷயம் உண்டு. மேல் பிளானில் ஊழியர்கள் தட்டிய ஒவ்வொரு கேள்வியையும் நிர்வாகி வரிக்கு வரி படிக்கலாம் என்று உங்கள் விற்பனைப் பிரிவினர் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அது வேண்டாம். சம்பள முன்பணம் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது என்று ஒருவர் கேட்டிருப்பார், அதை நான் ஏன் படிக்க வேண்டும்? எந்தக் கோப்பு, எந்தத் தேதியில், யார் திரைக்குப் போனது என்பது மட்டும் போதும். இப்படி ஒரு பதிவு வைக்கப்படுகிறது என்பதும் அவரவர் திரையிலேயே தெரிய வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. புதிய வசதி எதுவானாலும் அணைத்த நிலையில் வரட்டும், நாங்கள் போட்டால்தான் இயங்க வேண்டும். ஒருமுறை நிறுத்தியதை எந்த அப்டேட்டும் திருப்பிப் போடக் கூடாது. சம்பளம், விடுப்பு, மருத்துவம் போன்ற ஃபோல்டர்களை, மனிதருக்கு அனுமதி இருந்தாலும் உதவியாளர் தொடக் கூடாது என்று தனியாகக் குறிக்க வழி வேண்டும். பிரிவு வாரியாக, ஆள் வாரியாக நிறுத்தும் வசதியும் கோப்புப் பதிவேடும் எல்லாப் பிளானிலும் இருக்க வேண்டும். உதவியாளர் இல்லாத பழைய பிளானைப் பழைய விலைக்குக் கொடுங்கள். ஏப்ரலிலிருந்து நாங்கள் கேட்காத ஒன்றுக்காக வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பித் தாருங்கள்.

செப்டம்பர் 15-க்குள் ஒரு மனிதர் கையெழுத்திட்ட பதில் வர வேண்டும். அக்டோபரில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. பதிலைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி புதுப்பிப்பதைப் பற்றி முடிவு செய்வார்.

பதிலோடு தனியாக ஒரு பக்கம் வேண்டும், தமிழில். அந்தச் சான்றும் அதிலிருந்து உதவியாளர் எடுத்த சுருக்கமும் உங்கள் சர்வரில் எங்கெல்லாம் இருந்தன, எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன என்று அதில் இருக்கட்டும். பர்கூர் பக்கத்தில் அவர் வீட்டுக்கு நான் நேரில் போக வேண்டும். வெறும் கையோடு போக எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
நிர்வாக மேலாளர்