கேபிள் பில்லுல டவுன் சேனலுக்குன்னு புடிக்கிற காசு எங்க போகுது – டவுன் நிர்வாகத்த பாத்துக்கற செலக்ட் போர்டுக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
செலக்ட் போர்டு சேர்மன் அம்மா அவர்களும் மெம்பர்களும்,
டவுன் ஹால், மாசசூசெட்ஸ்.

அனுப்புநர்:
டவுன்ல குடியிருக்கிற தமிழ் குடும்பங்களும், கூட கையெழுத்து போட்ட அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களும்.

பொருள்: பி.இ.ஜி. (பப்ளிக், எஜுகேஷன், கவர்ன்மென்ட் சேனல்) ஃபண்டு கணக்கு, பப்ளிக் ஆக்சஸ் (ஊர் ஜனங்களே நிகழ்ச்சி போடற சேனல்) ஸ்டுடியோ நேரம், கேபிள் கமிட்டிய மறுபடி போடறது சம்பந்தமா.

வணக்கம்ங்க.

மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், இந்த மனுவ நான் தமிழ்ல தான் எழுதறேன், இங்கிலீஷ் காப்பி என் பையன் தயார் பண்ணி இதுகூடவே பின் அடிச்சிருக்கான். ஏன் தமிழ்லன்னு கேப்பீங்க. கையெழுத்து போட்டவங்கள்ல பாதி பேரு பேரப்பிள்ளைங்கள பாத்துக்க வந்து இங்கயே தங்கிட்ட என் வயசு ஆளுங்க, எதுல கையெழுத்து போடறோம்னு படிச்சு பாக்காம போட மாட்டோம்னுட்டாங்க, ஊர்ல பத்திர ஆபீஸ்ல பட்டது போதும்னு ஒரு மாமா சொன்னாரு. நியாயம் தானே.

விஷயத்துக்கு வர்றேன். கேபிள் பில்ல கீழ்ப்பக்கம் பாத்தீங்கன்னா அந்த ஃபீஸ் இந்த ஃபீஸ்னு வரிசையா வரும், அதுல ஃபிரான்சைஸ் ஃபீஸ், பி.இ.ஜி. ஃபீஸ்னு ரெண்டு லைன் இருக்கும், நான் பல வருஷம் அத கண்டுக்கவே இல்ல. கம்பெனி நம்ம ரோட்டுல கம்பத்து வழியா ஒயர் இழுத்து சம்பாதிக்குது, அதுக்கு கைமாறா பப்ளிக், எஜுகேஷன், கவர்ன்மென்ட்னு மூணுத்துக்கும் சேனல் ஒதுக்கணும், அத நடத்த பணம் தரணும்னு லைசென்ஸ் குடுக்கறவங்க கேக்கலாம்னு 1984 கேபிள் சட்டத்துல இருக்கு. ஊர்ல கேபிள் நடத்தறதுக்கு கம்பெனி கட்டற ஃபிரான்சைஸ் ஃபீஸ் கேபிள் வருமானத்துல 5% தாண்டக்கூடாது. கேக்கலாம்னு தான் சட்டம் சொல்லுது, கேட்டே ஆகணும்னு சொல்லல. நம்ம மாநிலத்துல டவுனா இருந்தா அந்த கேக்கற அதிகாரம் செலக்ட் போர்டுகிட்ட தான் இருக்கு, சிட்டின்னா மேயர்கிட்ட. அதனால தான் மத்திய அரசோட தொலைத்தொடர்பு கமிஷனான எஃப்.சி.சி.க்கோ, மாநிலத் தலைநகர் பாஸ்டனுக்கோ எழுதாம நேரா உங்க வாசலுக்கு வந்திருக்கோம். கம்பெனி என்னமோ கைக்காச போட்டு குடுக்கற மாதிரி பேசும், ஆனா அத அப்படியே பில்லுல ஏத்தி எங்ககிட்டயே வாங்கிடுது, கடைசியில குடுக்கறது நாங்க தான்.

நான் அந்த பப்ளிக் ஆக்சஸ் ஸ்டுடியோவுக்கு மொதல்ல போனது ஒன்பது வருஷம் முன்னாடி. கேமரா எப்படி புடிக்கிறது, மைக் ஒயர் எப்படி சுத்தி வைக்கிறதுன்னு நாலு சனிக்கிழமை கிளாஸ் எடுத்தாங்க, முடிச்சா ஒரு கார்டு குடுப்பாங்க, அந்த கார்டு இருந்தா யாரு வேணா நிகழ்ச்சி பண்ணலாம். அந்த வருஷம் ஜனவரில நாங்க பொங்கல் நிகழ்ச்சி பண்ணோம். ஸ்டுடியோவுக்குள்ள நெருப்பு கூடாதுன்னுட்டாங்க, சரி இண்டக்‌ஷன் அடுப்பு எடுத்துட்டு போனா நாங்க ஆசையா கும்பகோணத்துல இருந்து தூக்கிட்டு வந்த வெண்கலப்பானை அதுல சூடே ஏறல, அப்புறம் ஒருத்தவங்க வீட்டுக்கு ஓடிப் போயி எவர்சில்வர் பாத்திரம் எடுத்துட்டு வந்தாங்க. பால் பொங்கி வழிஞ்சுது, நாங்க எல்லாம் பொங்கலோ பொங்கல்னு கத்தறோம், கேமரா புடிச்சிட்டு இருந்த ரிடையர்ட் போஸ்ட்மேன் பெரியவரு ஏதோ விபத்துன்னு நெனச்சு கேமராவ விட்டுட்டு பேப்பர் டவல் ரோலோட ஓடி வந்துட்டாரு. அது அப்படியே ஒளிபரப்பாச்சு, அத போன்ல புடிச்சு ஊருக்கு அனுப்பினதுல என் தங்கச்சி இன்னிக்கும் அந்த டவல்காரர் நல்லா இருக்காரான்னு கேப்பா.

அந்த பெரியவரும் சும்மா ஆள் இல்ல. நம்ம டவுன்ல இருந்து கொரியா போருக்கு போனவங்கள ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு பேச வெச்சு பதிவு பண்ணாரு, அவங்கள்ல முக்கால்வாசி பேரு இப்ப இல்ல. டேப்பெல்லாம் ஸ்டுடியோ பின்பக்கம் பீரோல அட்டைப்பெட்டியில கிடக்கு, மேல பைப் ஒழுகி ஒரு பெட்டி நனைஞ்சே போச்சு. பக்கத்து வெர்மான்ட்ல பர்லிங்டன்ல பெர்னி சாண்டர்ஸ் மேயரா இருந்தப்ப 1980கள்ல பப்ளிக் ஆக்சஸ்ல ஒரு ஷோ நடத்தினாரு, மைக்க கையில எடுத்துட்டு ஊர் ஜனங்ககிட்ட பேசற ஷோ, அந்த டேப்ப அந்த ஊர் சேனல்காரங்க பத்திரமா வெச்சிருந்ததால தான் முப்பது வருஷம் கழிச்சு அவரு ஜனாதிபதி தேர்தலுக்கு நின்னப்ப நாடே பாத்துச்சு. நம்ம பீரோல யாரு இருக்காங்கன்னு யாருக்குங்க தெரியும்?

இப்ப நிலவரம் என்னன்னா வாரத்துல அஞ்சு நாள் தொறந்திருந்த ஸ்டுடியோ ரெண்டு சாயங்காலம் மட்டும் தான் தொறக்குது. மூணு பேரு வேல செஞ்ச இடத்துல ஒரே ஒரு பொண்ணு, அதுவும் பார்ட் டைம். போன வசந்தத்துல பிளானிங் போர்டு ஹியரிங், மெயின் ரோட்டுல அபார்ட்மென்ட் வர்ற விஷயம், அதே ராத்திரி ஸ்கூல் கமிட்டி மீட்டிங்கும் இருந்துச்சு, அந்தப் பொண்ணு ரெண்டு ரூமுக்கும் ஓடிட்டு இருந்தப்ப பிளானிங் போர்டுல ஆடியோ போயிடுச்சு. அரை மணி நேரம் வாய் அசையுது சத்தம் இல்ல. அந்த அரை மணி நேரம் தான் பொதுமக்கள் எழுந்து பேசின நேரம், எங்க வீட்டுக்காரரும் அதுல பேசினாரு, மூணு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பிராக்டிஸ் பண்ணிட்டு போனாரு பாவம். அந்தப் பொண்ணு மேல எந்த தப்பும் இல்லைங்க, தயவுசெஞ்சு இத வெச்சு அவங்கள கூப்பிட்டு கேள்வி கேக்காதீங்க.

ஆனா அதே மாசம் டவுன் ஹால் மீட்டிங் ரூமுக்கு புதுசா நாலு ரோபோ கேமரா, பெரிய ஸ்க்ரீன் எல்லாம் வந்துச்சு. கேட்டா அது கேபிட்டல் பணம், அதாவது சாமான் வசதி வாங்கற பணம், சம்பளத்துக்கு எடுக்க முடியாதுங்கறாங்க. அந்த சட்டம் எனக்கும் தெரியும், பி.இ.ஜி. வசதிக்கான கேபிட்டல் செலவ அந்த 5% உச்சவரம்புக்கு வெளிய தனியா வாங்கலாம், ஆள் சம்பளம், கரண்ட், வாடகை மாதிரி நடத்தற செலவு 5%க்குள்ள தான் அடங்கணும். ஆனா அந்த கேமரால ஒன்னாவது பப்ளிக் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கலாமே, எங்ககிட்ட இருக்கறது கால் உடைஞ்ச டிரைபாட், டேப் சுத்தி நிக்க வெச்சிருக்கோம். எங்க ஊர்ல சொல்லுவோம், புதுத்தேர் செஞ்சு நிறுத்திட்டு வடம் புடிக்க ஆள் இல்லாம விட்ட கதைன்னு. இத எப்படிம்மா இங்கிலீஷ்ல போடறதுன்னு பையன் கேட்டான், அப்படியே போடு, புரியும்னேன்.

டவுனுக்கு இதுல கஷ்டமே இல்லன்னு நான் சொல்ல வரல. கேபிள கட் பண்றவங்க கூடிட்டே போறாங்க, என் பையனே கட் பண்ணிட்டு இன்டர்நெட் மட்டும் வெச்சிருக்கான். அதே கம்பம் அதே ஒயர் தான், ஆனா இன்டர்நெட் வருமானத்துல இந்த ஃபீஸ் வாங்க முடியாது, டிவி வருமானத்துல மட்டும் தான். அது போதாதுன்னு 2019ல எஃப்.சி.சி., கம்பெனி பணமா இல்லாம வசதியா செஞ்சு குடுக்கறதையும் 5%ல கழிச்சுக்கலாம்னு உத்தரவு போட்டுச்சு. ஆரிகன்ல இருக்கற யூஜீன் சிட்டியும் இன்னும் பல ஊருங்களும் கோர்ட்டுக்கு போனாங்க, 2021ல ஆறாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் கழிச்சுக்கலாம், ஆனா கம்பெனி இஷ்டத்துக்கு மார்க்கெட் விலை போட்டு இல்ல, அதுக்கு உண்மையில கூடுதலா ஆகற செலவு மட்டும் தான்னு சொல்லிடுச்சு. நம்ம கம்பெனி எவ்வளவு கழிக்குது, எந்த விலைக்கு கழிக்குதுன்னு யாராவது பாத்தீங்களா? ஸ்ட்ரீமிங் கம்பெனிங்ககிட்ட வாங்கலாம்னு ஓஹையோல மேப்பிள் ஹைட்ஸ்னு ஒரு ஊரு நெட்ஃபிளிக்ஸ், ஹூலு மேல கேஸ் போட்டு பாத்துச்சு, 2022ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் முடியாதுன்னுடுச்சு. நம்ம மாநில சட்டசபையில ஸ்ட்ரீமிங் வருமானத்துல 5% வாங்கணும்னு மசோதா ஒரு தடவைக்கு மேல தாக்கல் ஆயிருக்கு, அத ஆதரிச்சு போர்டு சார்புல ஒரு லெட்டர் போட்டா என்ன கொறஞ்சிடும்.

வரவு கொறையுதுன்னா கணக்கு இன்னும் இறுக்கமா இல்ல இருக்கணும்? நம்ம மாநில சட்டத்துல, சாப்டர் 44, செக்‌ஷன் 53எஃப்¾, இந்த பணத்துக்குன்னு தனி ஃபண்டு வெச்சுக்கலாம்னு வழி இருக்கு, நம்ம டவுனும் அத ஏத்துக்கிட்டு ஃபண்டு ஆரம்பிச்சுது. அந்த பணம் பி.இ.ஜி. சேனல் நடத்த, கம்பெனி லைசென்ஸ் படி நடக்குதான்னு கண்காணிக்க, லைசென்ஸ் புதுப்பிக்கறதுக்கு தயாராக, இதுக்கெல்லாம் தான். ஊர் ஜனங்க கூடி ஓட்டு போடற போன டவுன் மீட்டிங்ல இந்த ஃபண்டுல இருந்து பணம் ஒதுக்கற தீர்மானம் (ஆர்டிகிள்) வந்தப்ப நான் மைக்குக்கு போயி ரெண்டே கேள்வி தான் கேட்டேன், ஃபண்டுல மிச்சம் எவ்வளவு, போன வருஷம் மூணு சேனலுக்கும் எவ்வளவு எவ்வளவு போச்சுன்னு. அந்த விவரம் கையில இல்ல, ஆபீஸ்ல கேளுங்கன்னாங்க. ஆபீஸ்ல கேட்டா ஈமெயில் பண்ணுங்கன்னாங்க. ஈமெயில் பண்ணா ஒரே பக்கத்துல ஒரே ஒரு மொத்தத் தொகை வந்துச்சு, பிரிச்சு எதுவும் இல்ல. ஊர் கோயில் திருவிழா வசூலுக்கே யாரு எவ்வளவு குடுத்தா, சீரியல் லைட்டுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவுன்னு போர்டுல எழுதி வெப்பாங்க.

முன்னாடி ஒரு கேபிள் அட்வைசரி கமிட்டி இருந்துச்சு. மெம்பர்ங்க காலம் முடிஞ்சு ஒவ்வொருத்தரா போக, புதுசா யாரையும் போடல, இப்ப டவுன் வெப்சைட்டுல கமிட்டி பேரு இருக்கு, அஞ்சு சீட்டுக்கும் காலின்னு போட்டிருக்கு. அத திரும்ப உயிர் குடுத்து எழுப்புங்க, அதுல ரெண்டு சீட்டாவது ஸ்டுடியோ கார்டு வெச்சிருக்கற சாதாரண ஜனங்களுக்கு குடுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரவு செலவு சேனல் வாரியா பிரிச்சு அந்த சேனல்லயே ஓட விடுங்க. பொங்கலுக்கு என்ன சாமான் வேணும்னு ஓட விட்ட ஸ்லைடுல கணக்கு ஓடாதா.

இங்க ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கமிட்டி பணத்த பாக்கட்டும், நிகழ்ச்சில கை வைக்க வேணாம். பப்ளிக் ஆக்சஸ்ல எனக்கு புடிக்காத நிகழ்ச்சியும் வருது, போர்ட திட்டறவரு ஒருத்தரு வருவாரு, உங்களுக்கு தெரியும் யாருன்னு, அவரு பேசற பாதி எனக்கு ஒப்பே இல்ல, ஆனாலும் அவருக்கு அந்த அரை மணி நேரம் இருக்கணும். 2019ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுல மன்ஹாட்டன் பப்ளிக் ஆக்சஸ் கேஸ்ல, சேனல தனியார் அமைப்பு நடத்தினா அது அரசாங்கம் ஆகாது, பேச்சுரிமை சட்டம் அத நேரா கட்டுப்படுத்தாதுன்னு 5க்கு 4ன்னு தீர்ப்பு வந்துச்சு. நம்ம ஸ்டுடியோவ நடத்தறதும் தனியார் அமைப்பு தான். அப்போ நிகழ்ச்சி போட வர்றவங்களுக்கு இருக்கற ஒரே பாதுகாப்பு டவுனுக்கும் அந்த அமைப்புக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தம். அதுல யாரு மொதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு மொதல்ல நேரம், கருத்த பாத்து மறுக்கக்கூடாதுன்னு எழுத்துல வேணும். இப்ப இருக்கற ஒப்பந்தத்த நான் படிச்சேன், அப்படி ஒரு வரி அதுல இல்ல. இத்தன வருஷம் நல்ல மனுஷங்க இருந்ததால வண்டி ஓடிச்சு, அவ்வளவு தான்.

இதெல்லாம் ஏன் இப்பவே கேக்கறோம்னா கம்பெனியோட கேபிள் லைசென்ஸ் முடிய இன்னும் மூணு வருஷம் தான் இருக்கு. முடியறதுக்கு 36 மாசம் முன்னாடி ஆரம்பிச்சு ஆறு மாசம், அதுக்குள்ள தான் முறைப்படி புதுப்பிக்கற வேலைய ஆரம்பிக்க முடியும், அப்ப ஊருக்கு என்ன தேவைன்னு ஜனங்கள கூப்பிட்டு கேக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. போன தடவை அந்த ஹியரிங் ஒரு புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வெச்சாங்க, கம்பெனி வக்கீலும் இன்னும் மூணு பேரும் தான் வந்திருந்தாங்களாம். இந்த தடவை சாயங்காலம் ஏழு மணிக்கு வைங்க, ஸ்டுடியோலயே வைங்க. கம்பெனிகிட்ட எங்க சேனல ஹெச்.டி.ல குடுக்க சொல்லுங்க, டிவி கைடுல என்ன நிகழ்ச்சின்னு பேரு வர வைக்க சொல்லுங்க, இப்ப இருபத்தி நாலு மணி நேரமும் லோக்கல் ப்ரோக்ராம்னு மட்டும் தான் வருது, மேளக்கச்சேரியா மீட்டிங்கான்னு போட்டு பாத்தா தான் தெரியும்.

அதுவரைக்கும் அவசரமா வேணுங்கறது ரெண்டு தான்: சனிக்கிழமையும் ஸ்டுடியோ தொறக்க இன்னொரு பார்ட் டைம் ஆள், அப்புறம் அந்த பீரோல இருக்கற டேப்ப நனையாத இடத்துக்கு மாத்தி கம்ப்யூட்டர்ல ஏத்தறது. டேப் ஏத்தற வேலைக்கு எங்கள்ல ஆறு பேரு சம்பளம் இல்லாம வர்றோம்னு பேரு குடுத்திருக்காங்க, அதுல அந்த டவல் பெரியவரும் ஒருத்தரு, வயசு எண்பத்தி மூணு.

இத அடுத்த மீட்டிங் அஜெண்டால சேத்துட்டு தேதிய சொல்லுங்க, நாங்க வர்றோம். அன்னிக்கு ஆடியோவ மட்டும் கொஞ்சம் முன்னாடியே செக் பண்ணிட சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரு மறுபடியும் பேசணுங்கறாரு.

இப்படிக்கு,
கேபிள் பில் கட்டற டவுன்வாசிங்க
(கையெழுத்து தாள் நாலு பக்கம், இங்கிலீஷ் காப்பி, ஆபீஸ்ல இருந்து வந்த அந்த ஒரு பக்க கணக்கு இணைச்சிருக்கு)