ராயபுரம் என்றே சொல், குட்டிமா

அன்புள்ள குட்டிமா,

நேற்று ராத்திரி நீ உன் அப்பாவிடம் சொன்னது சமையலறையில் இருந்த என் காதிலும் விழுந்தது. நேர்முகத்தில் வீடு எங்கே என்று கேட்டதற்கு "பாரிஸ் கார்னர் பக்கம்" என்று சொல்லிவிட்டாயாம். முன்பு வேறொரு இடத்தில், வடசென்னையில் ராயபுரம் என்றதும் எதிரே இருந்தவர் முகம் மாறியதாம். உன்மேல் கோபமில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நேரில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலத் தயங்குகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன்.

துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். எவ்வளவு பெரிய துரையானாலும் அந்தப் படகுக்காரர்களை நம்பித்தான் மதராஸில் கால் வைக்க முடியும். அவர்கள் சேர்ந்து கட்டியதுதான் நம் ராயப்பர் கோயில். இயேசுவின் சீடர் பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். நம் ஊர்ப் பெயரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். நீ சொல்லக் கூசிய பெயர் அது.

அப்புறம் துறைமுகம் வந்தது. 1875-ல் அடிக்கல் போட்டார்கள். இதை நீ கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். நம் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகவே நகரும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் நம் கரையைத் தின்றது. நீ தோழிகளோடு உட்கார்ந்து சுண்டல் தின்கிற அந்த மணலில் நமக்கு வரவேண்டியதும் இருக்கிறது. நமக்குக் கிடைத்தது கருங்கல் தடுப்புதான்.

உன் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது. என் பாட்டி என்னைக் கூட்டிப்போய் அலையைக் காட்டி, "அதோ, அங்கதான் நம்ம அடுப்பு இருந்துச்சு" என்பாள். வீடு போன ராத்திரி பின்தெருக்காரர்கள் வந்து பாத்திரம் பண்டத்தைத் தூக்கிப்போய்த் தங்கள் திண்ணையில் வைத்தார்களாம். எட்டு மாதம் அந்தத் திண்ணையில்தான் குடும்பம் நடந்தது. வாடகை என்ற பேச்சே எழவில்லை. அந்த வீட்டுப் பேரன் கல்யாணத்துக்குத்தான் போன மாதம் நாம் எல்லோரும் போய் வந்தோம். எந்த உறவு என்று நீ கேட்டாயே, இதுதான்.

ரயில் கதை உனக்கே தெரியும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது சென்ட்ரலில் இருந்தல்ல, நம் ராயபுரத்திலிருந்து. வாலாஜா ரோடு வரை போனது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

நீ பிறந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது.

வெட்டு குத்து இங்கே நடந்ததே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ராத்திரிகள் உண்டு. ஆனால் சினிமாவில் அதை மட்டுமே காட்டுகிறார்கள். தெருவிளக்குக்கு அடியில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளையும் காட்டவேண்டும். பக்கத்துச் செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் நம் தெருமுனை மளிகைக்கடையில் கணக்கு நோட்டில் கடன் எழுதிக்கொண்டே போவார்கள். யாரையும் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை.

2015 டிசம்பர் உனக்கு நினைவிருக்குமா? தென்சென்னை வெள்ளத்தில் நின்றபோது, கடலோரக் குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் தெருவிலிருந்தும் நான்கு பேர். போகும்போது நான் சப்பாத்தி கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலெல்லாம் புண்ணாகி வந்தார்கள். மொட்டைமாடியிலிருந்து இறக்கிய ஒரு அம்மா "நீங்க எந்த ஊருப்பா" என்று கேட்டாராம். ராயபுரம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் முகம் மாறவில்லை. இவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அடுத்த நேர்முகம் என்றாய். சரி, அதற்கு முன்னால் ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு என்னோடு காசிமேட்டுக்கு வா. பழைய செருப்பாகப் போட்டுக்கொள், தரையெல்லாம் மீன் தண்ணீர். ஏலம் பார்த்துவிட்டுச் சங்கரா வாங்குவோம். விடிந்ததும் கல் தடுப்பின்மேல் ஏறி, பாட்டி எனக்குக் காட்டிய இடத்தை உனக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அத்தை