விமானத்தில் விளக்கு அணைந்தாலும் இருக்கை வாரைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்கு-கோலாலம்பூர் விமானம் குலுங்கினால் இறக்கை ஒடிந்துவிடுமோ என்று பலர் பதறுகிறார்கள். இறக்கை வளைந்து கொடுக்கும்படியே செய்யப்பட்டது. ஆபத்து, இருக்கை வார் (சீட் பெல்ட்) போடாத உடம்புக்குத்தான். 2024 மே 21 அன்று லண்டன்-சிங்கப்பூர் விமானம் மியன்மார் வானில் குலுக்கலில் சிக்கியபோது, 4.6 வினாடியில் 178 அடி இறங்கியதாக முதற்கட்ட அறிக்கை கூறியது. விமானம் சட்டென்று கீழிறங்க, வார் இல்லாதவர் அந்தரத்தில் நிற்பார். தலை கூரையில் மோதும். மறுகணம் தரையில் விழுவார். அந்த லண்டன் விமானத்தில் பயணி ஒருவர் இறந்தார்; மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

வாரை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இறுக்குங்கள். போர்வைக்கு மேலே போட்டால் பணியாளர் உங்களை எழுப்பிச் சரிபார்க்க வேண்டியதில்லை. கைக்குழந்தையை உங்கள் வாருக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவது பெரும் தவறு: உங்கள் எடையே பிள்ளையை நசுக்கிவிடும். உங்கள் வாரில் கோத்து, குழந்தைக்கென்று போடும் தனி வளைய வார் கேளுங்கள், கொடுப்பார்கள்.

நம் ஊரில் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில் திரளும். பயந்தவர்கள் காலை விமானத்தில், இறக்கையை ஒட்டிய இருக்கையில் செல்லலாம். வால்பகுதியில் ஆட்டம் அதிகம். விமானியின் ரேடார் மழைத்துளியைத்தான் காட்டும். மேகமற்ற வானில் வரும் குலுக்கல் அதில் தெரியாது. வார் அணியச் சொல்லும் விளக்கு அணைந்ததும் 'கிளிக்' என்று கழற்றும் அவசரம் ஏனோ!

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு