பணம் முதலில், காகிதம் அப்புறம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன சனிக்கிழமை நம் பள்ளி விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன். ஆண்டறிக்கை, சிறப்புரை, பிள்ளைகளின் நடனம் என்று நேரம் ஓடியதில் உங்களைப் பற்றிப் பேசக் கிடைத்தது ஐந்து நிமிஷம்தான். நீங்களும் இரண்டு வரி பேசிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டீர்கள். நம் பள்ளிப் பெண்கள் கல்லூரியில் சேர நீங்கள் தருகிற உதவித்தொகையின் கணக்கை, இங்கே டீச்சராக இருந்துகொண்டு இத்தனை வருஷமாக எழுதிவருகிறவள் நான். மேடையில் விட்டுப்போனதை நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2011 டிசம்பர் 30 விடிந்த விதம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ புயல், கேப்பர் மலையில் தொடங்கிப் பண்ருட்டி வரைக்கும் முந்திரியையும் பலாவையும் வேரோடு புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. பல ஊர்களுக்குக் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது. பள்ளி திறந்தபோது தோப்பு வேலையை நம்பிய வீட்டுப் பெண்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். பாடம் எதுவும் உள்ளே போகவில்லை. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பெண்ணுக்குக் கல்லூரிக் காலமே அந்த மூன்று வருஷம்தான். மரம் காய்க்கட்டும் என்று இருந்தால், அதற்குள் அவளைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

பள்ளி திறந்த அந்த மாதம்தான் சென்னையிலிருந்து போன் செய்தீர்கள். இரவுப் பணி முடித்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பேசினீர்கள். பள்ளிக்கூடத்து ஓடு பறந்ததையும் சுவர் விழுந்ததையும்தான் எல்லோரும் விசாரித்தார்கள். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "இந்த வருஷம் எத்தனை புள்ளைங்க படிப்ப நிறுத்தப் போகுது?" எண்ணிச் சொன்னேன். ஏழு பேர். அந்த ஏழு பேரும் நீங்கள் அனுப்பிய பணத்தில் ஜூனில் கல்லூரிக்குப் போனார்கள். அப்புறம் ஓய்வுபெற்றபோது பணிக்கொடையில் பெரும்பகுதியை வைப்புநிதியில் போட்டு, வட்டியை இதற்கென்று எழுதிவைத்தீர்கள். வீடு கட்ட வைத்திருந்த பணம் அது என்று எனக்குத் தெரியும்.

"இப்போதுதான் அரசாங்கமே எல்லாம் தருகிறதே, இது எதற்கு?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தருகிறது, நன்றாகவே தருகிறது. 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆனால் மாதம் ஆயிரம் வாங்குவதற்குக் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து முதல் ரூபாய் கணக்கில் ஏறுகிற நாள் வரைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பெண்கள் விழுவது அங்கேதான். என் நோட்டைப் பிரித்தால் அந்தப் பள்ளத்தின் ஆழம் தெரியும். விண்ணப்பக் கட்டணம். ஜெராக்ஸ். கலந்தாய்வுக்கு அப்பாவோடு போய்வரச் செலவு. விடுதி முன்பணம். சுடிதார் இரண்டு, தையல் கூலியோடு. ஏழு வருஷம் யூனிபார்மிலேயே வந்த பெண்ணுக்குக் கல்லூரிக்குப் போட்டுக்கொள்ள வேறு உடுப்பு இல்லை என்பது வாத்தியார்களான எங்களுக்கே தோன்றவில்லை. அந்த வரியை எழுதச் சொன்னது நீங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஒன்று. கேப்பர் மலைப் பக்கத்து ஊர்ப் பெண். நர்சிங் சேர இடம் கிடைத்துவிட்டது. அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் அம்மா பெயரையும் சேர்த்து வங்கிக் கணக்கு தொடங்கவேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். அந்த அம்மா முந்திரி உடைக்கிறவர். தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து வழுவழுவென்று இருந்தது. சாம்பல் தடவிக்கொண்டு உடைத்தாலும் அந்த எண்ணெய் விடுவதில்லை. கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. மகள் துப்பட்டா முனையைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். பத்து விரலும் வைத்தாகிவிட்டது. ரேகை இல்லையாம், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். "ரெண்டு நாள் வேலைக்குப் போகாம இருந்தா தோல் வளருமா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் மறுநாள்.

வங்கிப் படியில் உட்கார்ந்தே உங்களைக் கூப்பிட்டேன். கணக்கு இல்லை, ரசீது இல்லை, விதிப்படி என்னிடம் எதுவுமே இல்லை. "பணம் முதல்ல, காகிதம் அப்புறம். நேரா காலேஜுக்கே கட்டிடு" என்றீர்கள். அன்று மாலைக்குள் கட்டிவிட்டோம். கொடுக்க மனசு இருப்பவர்கள் பல பேரைப் பார்த்திருக்கிறேன் அக்கா. இப்படி நேரம் பார்த்துக் கொடுக்கிறவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாருக்குக் கொடுத்தோம் என்று காலை வழிபாட்டில் பெயர் வாசிக்கக்கூடாது, பெரிய காசோலை அட்டையைப் பிடிக்கவைத்துப் போட்டோ எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சொன்னீர்கள். அதனால்தான் விழாவில் உங்கள் உதவியில் படித்தவர்கள் மேடை ஏறவில்லை. ஆனால் வந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாளே, பச்சைச் சேலை, அவள் 2012 பேட்ச்.

இந்த ஜூனுக்கு ஐந்து பேர். பட்டியலும் செலவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அந்த முந்திரி உடைக்கிற அம்மா உங்களுக்கென்று அரைக் கிலோ முழுப் பருப்பு கொடுத்திருக்கிறார். விழாவன்று பையில் போட்டுத்தர மறந்துவிட்டேன். டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை ஒரு நாளாவது தங்குகிற மாதிரி வாருங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த தங்கை,
கடலூர்