நோன்பும் கிறிஸ்துமஸும் ஒரே நாளில்: மகளுக்கு ஒரு கடிதம்

உ

காரைக்குடி
20.11.2025

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மட்டுமல்லாமல், உங்கள் அடுக்ககத்திலிருந்து இன்னும் மூன்று குடும்பங்களும் நம் வீட்டுக்கு வந்து கிறிஸ்துமஸைக் கொண்டாட விரும்புவதாக நீ சொன்னது முதல், உன் ஆத்தா இரண்டாங்கட்டு அறையைத் திறந்து பெரிய பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருக்கிறாள். தொலைபேசியில் நீ கேட்டவற்றுக்கு நான் பதில் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் சின்னவள் அழுகிறாள், நீ வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதிவிடுகிறேன். இதை நீ மட்டும் படித்து வைத்துக்கொள்ளாமல், மற்ற மூன்று தாய்மாருக்கும் படித்துக் காட்ட வேண்டும். ஏனென்றால் இதில் பாதி, நீங்கள் நால்வரும் புறப்படுவதற்கு முன்பே கூடிப் பேசி முடிக்க வேண்டிய செய்தி.

முதலில் நாள். இந்த ஆண்டு நம் நகரத்தார் பிள்ளையார் நோன்பு டிசம்பர் 25ஆம் தேதியே வருகிறது. கார்த்திகை தீபம் கழிந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் மாலையில் நாம் இழை எடுத்துக்கொள்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அது கிறிஸ்துமஸுக்கு முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கும், இம்முறை சரியாக அதே நாளில் வந்து நின்றுவிட்டது. எனக்கு இதில் இடைஞ்சல் எதுவும் தெரியவில்லை. காலையில் கிறிஸ்துமஸ், மாலையில் நம் நோன்பு. ஆனால் உங்களோடு வரும் கத்தோலிக்கக் குடும்பத்தாரிடம் இதை இப்போதே சொல்லிவிடு. அன்று வீட்டில் கவிச்சி சமைக்க இயலாது. கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளுக்குப் பிரியாணி இல்லையென்றால் பண்டிகையே இல்லை என்பது நியாயமான எண்ணம்தான். எனவே மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் நல்ல மெஸ் ஒன்றில் சொல்லி வைக்கிறேன், விரும்புகிறவர்கள் எல்லாரும் அங்கே போய் வரட்டும். கேக்கை முட்டை சேர்க்காததாக வாங்கிவிட்டால் வளவிலேயே, உள் முற்றத்தில் வைத்து வெட்டலாம். வந்து இறங்கிய பிறகு இது தெரியவந்தால் அவர்களுக்கும் சங்கடம், ஆத்தாவுக்கும் சங்கடம்.

நோன்பன்று மாலை மற்ற வீட்டுப் பிள்ளைகளும் உடன் உட்காரட்டும். கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரித்து, வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த பிள்ளையாரில் திரியாக வைத்துச் சுடர் ஏற்றிக் கொடுப்பதைப் பார்த்தால், எந்தப் பிள்ளையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆனால் சுடரோடு வாயில் இட்டுக்கொள்வது நம் வீட்டாரோடு நிற்கட்டும். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மாவும் பொரியும் போதும். உன் மகன் ‘நீ சாப்பிடு பார்க்கலாம்’ என்று தன் தோழனைச் சீண்டக்கூடியவன். அவனை என் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்கிறேன்.

இனிப் பரிசுகளுக்கு வருகிறேன். நீ இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டாய். எனக்கோ இந்தப் பயணத்திலேயே கவனமாகச் செய்ய வேண்டியது இதுதான் என்று படுகிறது. ஒரு வீட்டார் தங்கள் மகனுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சைக்கிள் வாங்கியிருப்பதாகவும், அதை இங்கே எல்லார் முன்னிலையிலும் கிறிஸ்துமஸ் தாத்தா கொடுப்பதாகக் கொடுக்க ஆசைப்படுவதாகவும் சொன்னாய். அவர்கள் ஆசையில் குற்றமில்லை. ஆனால் அதே வேளையில் பக்கத்தில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு வண்ணப் பென்சில் பெட்டி கிடைத்தால், தாத்தா தன்னை மட்டும் ஏன் இப்படி நினைத்தார் என்று அது கேட்கும். கொடுத்தவர் அப்பா என்றால் அப்பாவின் வசதி என்று ஒருநாள் புரிந்துகொள்ளும். கொடுத்தவர் உலகத்துக்கே பொதுவான தாத்தா என்றால் அதற்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்? சைக்கிளை அவர்கள் சென்னையிலேயே, புறப்படுவதற்கு முன், அம்மா அப்பா கொடுத்ததாகக் கொடுத்துவிடட்டும். இதை நீ நேரடியாக அவர்களிடம் சொல்லத் தயங்கினால், எங்கள் அப்பச்சி வீட்டு ஒழுங்கு இது என்று என் மேல் போட்டுவிடு.

நம் வீட்டு மொய்ப்பண நோட்டை நீ புரட்டிப் பார்த்திருக்கிறாய். இன்ன உறவுக்கு இவ்வளவு என்று சிறு தொகைதான் எழுதியிருக்கும். ரங்கூனில் கடை வைத்திருந்தவரும் உள்ளூரில் கணக்கு எழுதியவரும் அதே தொகையைத்தான் எழுதினார்கள். ஆனால் இதே வளவில்தான் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களைப் பரப்பிக் காட்டும் வழக்கமும் இருந்தது. குறைவாகக் கொண்டுவந்த மருமகள் பரப்பிய அன்று எப்படித் தலை குனிந்து நின்றாள் என்பதை உன் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டில் எதை நம் பிள்ளைகளின் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொள்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மொய்ப்பணத்தின் பக்கம்.

ஆகவே என் யோசனை இது. பிள்ளைக்கு ஒரு பரிசு, முந்நூறு ரூபாய்க்குள். பள்ளிக்கூடங்களில் கிறிஸ்மா, கிறிஸ் சைல்டு என்று யாருக்கு யார் பரிசு தருவது எனச் சீட்டுக் குலுக்குகிறார்களே, அதைப் பெற்றோர்களே உங்கள் அடுக்ககத்தில் ஒரு மாலை கூடிச் செய்துவிடுங்கள். எந்த வீட்டுக்கும் தன் பிள்ளையின் சீட்டு வரக்கூடாது, வந்தால் மறுபடி குலுக்க வேண்டும். பரிசு எதுவானாலும் ஒரே அளவுக் கொட்டானில் வைத்துக் கொடுக்க வேண்டும். கொட்டான்களை நான் இங்கே முடையச் சொல்கிறேன். பனையோலைக்குச் சாயம் ஏற்றி முடைந்து, மேல் விளிம்பில் மணி கோத்துக் கொடுப்பார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உனக்கு நினைவிருக்கலாம். பரிசு உடைந்து போன பிறகும் கொட்டான் அந்தப் பிள்ளையிடம் நெடுநாள் இருக்கும், பளபளக்கும் காகிதம் கிழித்துப் போட்டதும் குப்பை.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் யாரும் போட வேண்டாம் என்பதும் என் கருத்து. பஞ்சுத் தாடியைப் பார்த்தால் உங்கள் கூட்டத்தில் இரண்டு குழந்தைகளாவது அலறும். ஏழு வயதுக்காரன் செருப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து எல்லாரிடமும் சொல்லிவிடுவான். நம் வீட்டில் அதைவிட நல்ல வழி இருக்கிறது. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான தம்பதியின் குடும்பத்துக்கு, ஒன்றாக அறைகள் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஓர் அறை கொடுத்துவிடுகிறேன். 24ஆம் தேதி இரவு பிள்ளைகள் தூங்கிய பின், ஒவ்வோர் அறையின் நிலைப்படியிலும் அந்தந்தப் பிள்ளையின் கொட்டானை வைத்துவிட்டால் விடியும்போது அவர்களே எடுத்துக்கொள்வார்கள். புனித நிக்கோலாஸின் கதையும் இதற்கு ஒத்ததே. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரத்தில் ஆயராக இருந்தவர் அவர். சீதனம் கொடுக்க வழியில்லாத தகப்பன் ஒருவனின் மூன்று பெண்களுக்காக, யாருக்கும் தெரியாமல் இரவில் சன்னல் வழியே பொன் முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். செட்டிநாட்டில் இந்தக் கதைக்குப் பொழிப்புரை தேவையே இல்லை. அந்தக் கத்தோலிக்க நண்பரைக் காலையில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லச் சொல். நான் சொல்வதைவிட அவர் சொல்வது பொருத்தம்.

கொட்டானுக்குள் என்ன வைப்பது என்பது வாங்குபவர் விருப்பம், ஆனால் இரண்டு நிபந்தனைகள். பொம்மை என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்; 2021 ஜனவரி முதல் கடைப் பொம்மைகளுக்கு அது கட்டாயம், இருந்தும் நடைபாதைக் கடைகளில் முத்திரை இல்லாதவைதான் குவிந்து கிடக்கின்றன. அடுத்தது, பட்டன் செல் போட்டு மினுக்கும் பொருளும், சிறு காந்தத் துண்டுகள் கொண்டவையும் அறவே வேண்டாம். பட்டன் செல்லை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். பெரிய பிள்ளைக்கு வாங்கியது சின்னதின் வாய்க்குப் போவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது உனக்கே தெரியும்.

உன் ஆத்தா பேரனுக்கும் பேத்திக்கும் வெள்ளியில் ஏதோ செய்யக் கொடுத்திருக்கிறாள். அது பொங்கலுக்கு வரும், கிறிஸ்துமஸ் காலையில் வராது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சுற்றிப் பார்ப்பதில் உங்கள் பட்டியல் மிக நீளம். சிறு பிள்ளைகளோடு போகும்போது ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில். பத்தரைக்குள் திரும்பினால் சாப்பிட்டுத் தூங்குவார்கள், பெரியவர்களும் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாம். 23ஆம் தேதி பிற்பகல் பல்லவன் ரயிலில் ஏறினால் இரவு இங்கே வந்துவிடலாம். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குத் தனி இருக்கை இல்லாவிட்டால் கட்டணமில்லை. ஆனால் அத்தனை மணி நேரம் மடியில் வைத்திருக்க முடியுமா என்று யோசித்து, முடிந்தால் இருக்கை எடுத்துவிடுங்கள்.

24ஆம் தேதி விடியற்காலையில் வேட்டங்குடிக்குப் போவோம். திருப்பத்தூரைத் தாண்டி, ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் அவை. டிசம்பரில் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். பறவைகள் மிரளக்கூடாது என்று வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. இதைப் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிட்டால், கரையில் இறங்கியதும் அவர்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டி, கூட்டம் குறைவாக இருந்தால் மட்டும். அன்றிரவுத் திருப்பலிக்குச் செல்பவர்கள் காரைக்குடியிலேயே போய் வரலாம், கார் ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

26ஆம் தேதிக்கு ஆத்தங்குடி. அரண்மனை போன்ற வீடுகளைப் பெரியவர்கள் ரசிப்பார்கள், பிள்ளைகளோ ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கேட்பார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் மட்டும் அசையாமல் நிற்பார்கள். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் மேல் பூ வடிவ அச்சை இறக்கி, சிறு கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைப் போட்டுத் தேய்த்து மட்டமாக்கிக் காயவிட்டு, பிறகு பல நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைப் பிரித்து எடுக்கும்போது, அதில் ஒட்டியிருந்த முகம் மெருகேற்றாமலே மின்னும். பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம். பிள்ளைக்கு ஒரு கரண்டி ஊற்றக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

திருமயம் கோட்டையையும் இடைக்காட்டூரையும் சேர்த்துப் பார்க்க நேரமில்லை. 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, எல்லாம் சரிதான். ஆனால் கைப்பிடி இல்லாத பாறையில் ஏழு பிள்ளைகளை ஓடவிட எனக்கு மனமில்லை, அவர்கள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தை 27ஆம் தேதி பாருங்கள். பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் எழுப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் கூட்டமும் அதற்குள் கலைந்திருக்கும். அங்கிருந்து மதுரை அருகில்தான். இரவு பாண்டியன் ரயிலில் ஏறிவிட்டால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே சென்னை சேர்ந்துவிடுவார்கள்.

செலவுக் கணக்கை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேன், சமையல்காரர், பால், விறகு எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு என்று நான்காகப் பிரியுங்கள்; ரயில் அவரவர் தலைக்கு. ஒற்றைப் பிள்ளை வீட்டாரும் மூன்று பிள்ளை வீட்டாரும் சமமாகக் கொடுப்பதா என்று யாராவது கேட்டால், நம் நகரத்தார் சிவன் கோயில் கணக்கு இந்த முறையில்தான் நடக்கிறது என்று சொல். கொட்டான் செலவு மட்டும் என்னுடையது. அதைக் கணக்கில் சேர்க்காதே.

பங்காளிகளிடம் சொல்லிவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம். மூன்றாங்கட்டுக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டாயிற்று. மார்கழித் தூறலில் வளவுத் தரை நனைந்தால் வழுக்கும்; நிலைப்படிகளும் உயரம். முதல் நாள் இரவே பிள்ளைகளைக் கைப்பிடித்து வீடு முழுக்க ஒருமுறை நடத்திக் காட்டுவது உன் பொறுப்பு.

பிள்ளைகள் ஏழு பேரின் பெயர், வயது, எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதி இம்மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு. ஓலை முடைபவர்கள் விளிம்பு மணிக்கு நிறம் கேட்கிறார்கள். எல்லாம் ஒரே நிறம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அப்பச்சி