ஜாவா 11க்கு மாறியபின் நின்றுபோன சர்வர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த பிழைப் பதிவும் கிடைத்தன. சர்வரில் ஜாவா 8ஐ நீக்கி ஜாவா 11ஐ நிறுவிய பின்னும் ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் வழக்கம்போல் இயங்கத் தொடங்கியது, லாகின் பக்கம்கூடத் திறந்தது, முதல் பில்லை எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றும்போதுதான் ‘கிளாஸ் கிடைக்கவில்லை’ என்ற பிழையோடு எல்லாம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் வியப்பில்லை. ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமின் ஒரு கட்டுமானத் துண்டு, முதன்முதலில் தேவைப்படும் நொடியில்தான் ஜாவா அதைத் தேடுகிறது. அதனால் இல்லாத ஒன்றை நம்பியிருக்கும் புரோகிராம்கூட அந்த இடத்தைத் தொடும்வரை ஆரோக்கியமாகவே தெரியும்.

தொலைந்துபோனது ஜாக்ஸ்பி, ஜாவா தரவுகளை எக்ஸ்எம்எல்லாகவும் எக்ஸ்எம்எல்லை ஜாவா தரவுகளாகவும் மாற்றும் லைப்ரரி. ஜாவா 8 வரை இது ஜாவாவுடனேயே சேர்ந்து வந்ததால், நம் காலத்தில் எழுதிய புரோகிராம்களில் அதைத் தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. 2017இல் வந்த ஜாவா 9 அதை ‘நீக்கப்படவிருப்பது’ என்று குறித்து ஓரமாக வைத்தது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 அடியோடு எடுத்துவிட்டது. உங்கள் அலுவலக இளைஞர் ஓரமாக வைத்த பகுதியை (மாட்யூலை) மீண்டும் சேர்க்கச் சொல்லும் ‘ஆட் மாட்யூல்ஸ்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தவுடன் டாம்கேட்டே எழ மறுத்ததற்குக் காரணமும் இதுதான். அந்த வழி 9க்கும் 10க்கும் பொருந்தும். 11இல் அந்த மாட்யூலே இல்லாததால், ஜாவா தொடக்கத்திலேயே ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும்.

அடுத்து நீங்கள் செய்ததுதான் பலரையும் குழப்புவது. ஜாக்ஸ்பியின் புதிய 4.0 பதிப்பை இறக்கி லிப் ஃபோல்டரில் போட்டும் அதே பிழை வருகிறது என்கிறீர்கள். கோப்பு அங்கே இருக்கிறது, ஆனால் உங்கள் புரோகிராம் தேடும் பெயர் அதற்குள் இல்லை. பெரிய அலுவலகப் பயன்பாடுகளுக்கான ஜாவா தொகுப்பான ஜாவா இஇ முழுவதும் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனபோது ‘ஜாவாக்ஸ்’ என்ற பேக்கேஜ் (கிளாஸ் தொகுப்பு) பெயரில் மாற்றங்கள் செய்யும் உரிமை உடன் போகவில்லை, ஆகையால் 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ‘ஜகார்த்தா’ என்ற பெயருக்கு மாறிவிட்டன. உங்கள் பழைய புரோகிராமுக்கு வேண்டியது 2.3 வரிசை. அதிலும் அழைக்கும் பெயர்களை வரையறுக்கும் ஏபிஐ மட்டும் போதாது. உண்மையில் வேலை செய்யும் ரன்டைம் ஜாரும் (ஜார் என்பது கிளாஸ்களைக் கட்டிவைத்த கோப்பு), அது சார்ந்திருக்கும் ஆக்டிவேஷன் முதலிய சின்ன ஜார்களும் வேண்டும். இவற்றைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடாமல், லைப்ரரிகளைத் திரட்டும் கருவியான மேவனின் கோப்பில் இவ்விரண்டையும் சேர்த்து, டாம்கேட்டில் நிறுவும் வார் கோப்பைப் புதிதாக பில்ட் செய்துவிடுங்கள். சார்ந்தவற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். லிப் ஃபோல்டரில் போட்ட 4.0ஐ மறக்காமல் நீக்குங்கள். டாம்கேட் 9ஐயும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டாம்கேட் 10க்குப் போனால் வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சர்வ்லெட் வகையறாவும் ஜகார்த்தா ஆகிவிடும், ஒரு சிக்கல் இரண்டாகும்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் பில்களை மொத்தமாக அனுப்பும் வேலை பேரலல் ஸ்ட்ரீமில், அதாவது பல த்ரெட்டுகளுக்கு (இணையாக ஓடும் செயலோட்டங்களுக்கு) பிரித்துக் கொடுத்து, ஓடுகிறது என்று முன்பொரு முறை சொல்லியிருந்தீர்கள். ஜாவா 9 முதல், அதற்குப் பயன்படும் பொதுப் பூலில் (த்ரெட்டுகளின் தொகுப்பில்) இருக்கும் த்ரெட்டுகள், கிளாஸ்களைத் தேடி ஏற்றும் டாம்கேட்டின் கிளாஸ் லோடரை விட்டுவிட்டு சிஸ்டம் கிளாஸ் லோடரைப் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் வார் கோப்புக்குள் இருக்கும் ஜார்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. எனவே பகலில் தனித்தனியாகப் போடும் பில்கள் ஒழுங்காகப் போக, இரவு வேலை மட்டும் ‘ஜாக்ஸ்பியின் இம்ப்ளிமென்டேஷன் கிடைக்கவில்லை’ என்று விழக்கூடும். டெவலப்பரின் கணினியில் எல்லா ஜார்களும் ஒரே கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடத்தில்) கிடந்தால் இந்தப் பிழை அங்கே தலைகாட்டாது. ‘என்னிடம் ஓடுகிறதே’ என்று அவர் சத்தியம் செய்வார், அதில் பொய்யும் இருக்காது. பரிகாரம் எளிது. எந்தக் கிளாஸை எப்படி எக்ஸ்எம்எல் ஆக்குவது என்று அறிந்துவைக்கும் ஜாக்ஸ்பி கான்டெக்ஸ்டை அப்ளிகேஷன் தொடங்கும்போதே ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு எல்லா த்ரெட்டுகளுக்கும் அதையே கொடுக்கலாம். பல த்ரெட்டுகள் பகிர்ந்துகொள்ள அது தாங்கும். பில்லை எக்ஸ்எம்எல்லாக எழுதும் மார்ஷலர் அப்படித் தாங்காது, அதை ஒவ்வொரு முறையும் புதிதாகவே எடுக்கவேண்டும். கான்டெக்ஸ்டை உருவாக்குவதுதான் நேரம் பிடிக்கும் வேலை என்பதால் இரவு வேலையும் சற்று விரைவாக முடியும்.

ஜாக்ஸ்பியோடு வேறு சிலவும் அதே 2018இல் நீங்கின: வெப் சர்வீஸுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், வேறு புரோகிராம்களோடு பேச உதவும் கோர்பா, தொடக்கத்தில் ஓடவேண்டிய வேலையைச் சுட்டும் ‘போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்’ போன்ற அனொட்டேஷன்கள் (புரோகிராமில் இடும் குறிப்புகள்). கடைசியாகச் சொன்னதில் கவனமாக இருங்கள். ஓடும் நேரத்தில் ஒரு அனொட்டேஷனின் கிளாஸ் இல்லையென்றால் ஜாவா பிழை எதுவும் காட்டாமல் கடந்துபோகும். ஓடவேண்டிய தொடக்கவேலை ஓடாமல் விடுபடும். ஜாவா 11உடன் வரும் ஜெடெப்ஸ் கருவியிடம் உங்கள் ஜார்களைக் கொடுத்தால், எதெது ‘நாட் ஃபவுண்ட்’ என்பதை சர்வரை ஓட்டாமலே சொல்லிவிடும்.

பழைய ஜாவா 8க்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாத இறுதிக் கணக்கு முடியும்வரை திரும்புங்கள், அதில் தவறில்லை; அதற்குமேல் வேண்டாம். நாங்கள் இங்கே ஜாவா செயலிகளைக் கட்டுவதற்கான சட்டகமான ஸ்பிரிங் பூட் 3க்கு மாறும் வேலையில் இருக்கிறோம். அது ஜாவா 17க்குக் கீழே ஓடாது, சர்வ்லெட் போன்றவற்றில் ஜகார்த்தா பெயர்களையே எதிர்பார்க்கும். உங்கள் புரோகிராமும் என்றேனும் அங்கே வந்துதான் ஆகவேண்டும்.

இரவு வேலை விழுந்தால் அதன் பதிவை அனுப்புங்கள். இம்முறை மேல் வரிகளை மட்டும் வெட்டி அனுப்பாமல், மூலக் காரணத்தைச் சொல்லும் கடைசி ‘காஸ்ட் பை’ வரை முழுவதும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்